விதானையார் வீட்டுப் பூட்டன்

பிள்ளையளே, இந்த வெளிநாட்டில் ரொக்ஸ்பரோ போகிற ரயிலில் எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். ஊரிலிருந்து வந்த பழைய குடிசனக் கணக்கெடுப்புப் பிரதியை அவர் பெருமையாக விரித்தார்.

"என்ர பூட்டனை, அப்பப்பாவின்ர அப்பாவைக் கண்டுபிடிச்சிட்டன். இனியாவது நம்பு, நாங்கள் ஊரை ஆண்ட விதானையார் வீட்டு ஆக்கள்."

"கண்ணாடியைப் போட்டு வடிவா வாசியுங்கோ."

"பெயர் கந்தையா. இருப்பிடம், விதானையார் வீடு."

"தொழில்?"

அவர் தாளை மடிக்கப் பார்த்தார். அவ பறித்து உரக்க வாசித்தா.

"சமையல்காரன்!"

"மெல்லக் கதையப்பா, தமிழாக்கள் இருக்கினம்."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"விதானையார் பரம்பரை சமைக்கக் குசினிக்குள்ள வராதெண்டு இருபது வருஷமாச் சொன்னியளே?"

"விதானையார் வீட்டு ஆக்கள் எண்டது பொய்யில்லைத்தானே?"

"ஓம், பொய்யில்லை. இண்டைக்குக் குழம்பு வைச்சு அதை நிரூபியுங்கோ."