ஆறாவது சங்கிலி

அமிஸ்: பட்டப்பகல்ல கொல்லன் பட்டறைக் கதவச் சாத்தி வச்சிருக்கான்னா, ஒண்ணு குடிச்சிருக்கணும், இல்ல எதையாவது ஒளிக்கணும். நீ எதுடா பியர்ஸ்?

பியர்ஸ்: வாங்க அண்ணி. ரெண்டும் இல்ல… வெயிலு.

அமிஸ்: உலைக்கு முன்னாடி நிக்கறவனுக்கு வெயிலு சுடுதாக்கும்.

பியர்ஸ்: உக்காருங்க. பார்லிக் கள்ளு இருக்கு, ஒரு குவளை…

அமிஸ்: வேணாம். சங்கிலி மேல எதுக்கு சாக்கப் போடற?

பியர்ஸ்: சும்மா… தூசி.

அமிஸ்: மூடாத, பாத்துட்டேன். அஞ்சு ஆணியில தொங்குது. உங்கையில இருக்கறது ஆறாவது.

பியர்ஸ்: நான் அடிக்கலேன்னா பக்கத்து ஊர்ல அடிச்சுக் கொண்டாருவாங்க அண்ணி.

அமிஸ்: கொண்டாரட்டுமே. அந்த ஊர்க் கொல்லன் என் புருசன் கூட ஒரே வயித்துல பொறக்கல. ஒங்கண்ணன் கழுத்து அளவு அவனுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்.

பியர்ஸ்: அளவெல்லாம் இல்ல. ஆறு பேருக்கும் ஒரே அளவுதான்.

அமிஸ்: நம்ம ராஜா பரவாயில்லயே. எல்லாரும் சமம்னு கேட்டுத்தான போனாங்க. குடுத்துட்டாரு.

பியர்ஸ்: மெதுவா. தெருவுக்குக் கேக்கப்போவுது.

அமிஸ்: கேக்கட்டும். மீசை மொளைக்காத பதினாலு வயசுப் பிள்ளை அந்த ராஜா. லண்டனுக்கு வெளியில வயக்காட்டுல நின்னுக்கிட்டு, இனிமே எவனும் எவனுக்கும் பண்ணையாள் இல்லன்னு சொல்லிச்சாம். கேட்டுட்டு உங்கண்ணன் அழுதாராம். அங்கேருந்து நடந்தே வந்து, மடத்துல பிடுங்கி வச்சிருந்த நம்ம வீட்டுத் திருகைக் கல்ல நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தாரு. அவ்வளவுதான அவரு பண்ணின கலகம்? அதுக்கா தூக்கு?

பியர்ஸ்: மடத்து ஆலையிலதான் மாவு அரைக்கணும்ங்கறது சட்டம்…

அமிஸ்: நீ யாரு, மடத்து வக்கீலா?

பியர்ஸ்: உண்மையத்தான் சொன்னேன்.

அமிஸ்: கல்லத் திரும்ப எடுத்தப்ப நீயும்தான் கூட நின்ன. மொத மாவுல சுட்ட ரொட்டிய ரெண்டு வாயி தின்ன.

பியர்ஸ்: அண்ணி…

ரனல்ஃப்: கொல்லரே, ஆறும் ஆச்சா? மடத்துலேருந்து கேட்டு விட்டாங்க. அட… ஹாமோ சம்சாரமா. கவனிக்கலம்மா.

அமிஸ்: சம்சாரம்தான். நீ ஊர்க்காவல்காரன், நேத்து சந்தையில தண்டோரா போட்டியே. எனக்குச் சரியாக் காது கேக்கல. இன்னொரு தடவ போடு ரனல்ஃப்.

ரனல்ஃப்: எதுக்கும்மா. மடத்துல சொன்னத நான் சொன்னேன். மடத்துக்கு ராஜா சொன்னது.

அமிஸ்: சொல்லுங்கறேன்ல.

ரனல்ஃப்: தூக்குமரத்துலேருந்து பொணத்த அறுத்து எறக்கிப் பொதைச்ச இந்த ஊர்க்காரங்களே, அவங்க கையாலயே தோண்டியெடுத்து, திரும்ப மாட்டணும். இந்தத் தடவ கயிறு கெடையாது. இரும்புச் சங்கிலி. இன்னிக்குச் சாயங்காலப் பூசை மணி அடிக்கறதுக்குள்ள.

அமிஸ்: ஒரு பொணம் கொறைஞ்சா?

ரனல்ஃப்: அந்த ஆளோட பத்துப்பேர் கட்டுல இருக்கற ஒருத்தன் ஏறணும்.

அமிஸ்: உயிரோட.

ரனல்ஃப்: உயிரோடதாம்மா. சீட்டுக் குலுக்கி எடுப்பாங்க. ஆனா இப்ப அதுக்கெல்லாம் அவசியமே இல்லியே, அதான் —

பியர்ஸ்: யோவ், போய்யா. வளையம் ஆறணும்.

ரனல்ஃப்: இல்ல, அம்மாகிட்ட நான் சொல்ல வந்தது —

பியர்ஸ்: போய்யான்னா.

ரனல்ஃப்: போறேன், போறேன். கோவத்தப் பாரு.

அமிஸ்: … என்னமோ சொல்ல வந்தான்.

பியர்ஸ்: அவனுக்கு வாயி ஓயாது.

அமிஸ்: ஓயறதுக்குள்ள நீ வெரட்டிட்ட.

பியர்ஸ்: அத விடுங்க. கேட்டீங்கல்ல? பன்னெண்டு வயசுல கைய நீட்டி சத்தியம் பண்ணினோம். பத்துல ஒருத்தன் தப்புப் பண்ணினா மத்த ஒம்போது பேரும் பொறுப்புன்னு. அண்ணன் போக மிச்சம் ஒம்போது. அதுல நான் ஒருத்தன். உங்க மாப்பிள்ளை ஹ்யூ ஒருத்தன். உங்க பொண்ணுக்கு ஏழாம் மாசம்.

அமிஸ்: வயித்துப் பிள்ளைய இழுத்து நடுவுல போடாத. ஒனக்கு வேணும்னா ஒனக்குன்னு கேளு.

பியர்ஸ்: சரி. எனக்குன்னே கேக்கறேன். எனக்கு உயிரு வேணும். அசிங்கமா இருக்கா?

அமிஸ்: இருக்கு.

பியர்ஸ்: இருந்துட்டுப் போவுது. மத்த அஞ்சு பேரையும் அவங்கவங்க வீட்டுல எடுத்துக் குடுத்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் எங்க பொதைச்சேன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. ஊரே என் மூஞ்சியப் பாக்குது. ஒம் மதினிகிட்ட நீதான் கேக்கணும்ங்கறாங்க.

அமிஸ்: அவரை எறக்கின அன்னிக்கு ஊரு ஒன்னக் கேக்கலியா? கொட்டற மழையில ஏணியப் பிடிச்சது என் மாப்பிள்ளை. தோள்ல வாங்கினது நானு. நீ எங்க இருந்த?

பியர்ஸ்: காய்ச்சல்.

அமிஸ்: எட்டு வீடு தள்ளிக் காய்ச்சல். அடுத்த நாளு சந்தையில பன்னிக்கு வெலை பேசிக்கிட்டு நின்ன.

பியர்ஸ்: …பயந்துட்டேன். போதுமா?

அமிஸ்: போதாது. மொதல்ல தூக்குல போட்டது அவங்க. அன்னிக்கு நாம தலை குனியல, தெரியுமா? அழுதோம், திட்டினோம், தலை குனியல. இன்னிக்குப் போடப்போறது நாம. பத்து வருசம் கழிச்சு யாரு மாட்டினாங்கன்னு கேட்டா, நம்ம பிள்ளைங்க நம்மளத்தான் கை காட்டும். அந்தச் சின்னப் பயலுக்கு இது தெரிஞ்சிருக்கு பாரு. ஒரு சங்கிலியில ஊரையே அவன் பக்கம் சேத்துக்கிட்டான்.

பியர்ஸ்: ஊரு எரியறதுக்கு இது மேலு.

அமிஸ்: பியர்ஸ்.

பியர்ஸ்: ம்.

அமிஸ்: எங்கிட்ட எதாவது சொல்லணுமா ஒனக்கு?

பியர்ஸ்: என்ன… என்ன சொல்லணும்?

அமிஸ்: எதுனாலும். திட்ட மாட்டேன்.

பியர்ஸ்: ஒண்ணும் இல்ல. எடத்த மட்டும் சொல்லுங்க.

அமிஸ்: ஒனக்குத் தெரியாது?

பியர்ஸ்: எனக்கு எப்படி அண்ணி தெரியும்.

அமிஸ்: ஒங்கண்ணன் மேல ஆணையா?

பியர்ஸ்: … ஆணையா.

அமிஸ்: ம். செத்தவரு மேல ஆணை. அவருக்கு என்ன போச்சு.

பியர்ஸ்: சொல்லுங்க அண்ணி. மணி அடிக்கறதுக்கு ரொம்ப நேரமில்ல.

அமிஸ்: யாரு தோண்டுவா?

பியர்ஸ்: நானே. வேற எவனையும் தொட விடமாட்டேன்.

அமிஸ்: நாலு வாரம் மண்ணுல கெடந்தவரு. பாக்கற மாதிரி இருக்க மாட்டாரு.

பியர்ஸ்: தெரியும்… தெரியும்னா, இருக்காதுல்ல. யாரா இருந்தாலும்.

அமிஸ்: போர்வையில சுத்தியிருக்கேன். எங்கம்மா தறியில நெய்து குடுத்தது. அவுக்காத. அதோடயே சங்கிலியப் போடு.

பியர்ஸ்: சரி.

அமிஸ்: வளையத்து உள்பக்கத்த அரத்தால தேச்சு வழவழன்னு ஆக்கு.

பியர்ஸ்: அண்ணி… அவருக்கு எங்க வலிக்கப் போவுது.

அமிஸ்: தேய்டா.

பியர்ஸ்: தேய்க்கறேன்.

அமிஸ்: பழைய மீன்கொளத்துக்கு அந்தாண்ட. இடி விழுந்த ஓக் மரம் இருக்குல்ல, அதுக்கு வடக்கால. தழை பரப்பி வச்சிருப்பேன்.

பியர்ஸ்: ஓக் மரத்துக்கு வடக்கால… சரி. நீங்க வீட்டுக்குப் போங்க. நான் போயி… இந்த மண்வெட்டிய எங்க வச்சேன்…

அமிஸ்: தேடறியா?

பியர்ஸ்: ஆமா. இங்கதான் சாத்தி வச்சேன்.

அமிஸ்: உக்காரு.

பியர்ஸ்: நேரமில்ல அண்ணி, அம்புட்டுத் தொலைவு போயிட்டு —

அமிஸ்: உக்காருடா. இன்னும் எவ்வளவு நேரம் நடிப்ப? குழி காலி.

பியர்ஸ்: தெனம் நீங்க அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போவீங்க. சுள்ளியே இல்லாமத் திரும்புவீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். … பின்கட்டுல படுக்க வச்சிருக்கேன். போர்வைய அவுக்கல.

அமிஸ்: அப்புறம் எதுக்கு என் வாயக் கிண்டின?

பியர்ஸ்: நீங்களா எடத்தச் சொல்லிட்டா… நீங்க குடுத்த மாதிரி ஆயிடும். நான் திருடின மாதிரி இருக்காது.

அமிஸ்: ம்.

பியர்ஸ்: காறித் துப்புங்க, தொடைச்சுக்கறேன். ஆனா உள்ள வந்ததுமே மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமே. குழி காலின்னு தெரிஞ்சும் எதுக்கு எனக்கு எடம் சொன்னீங்க? … அண்ணி. நீங்க சாயங்காலந்தான அங்க போவீங்க. நான் அவரை எடுத்தது இன்னிக்கு விடியக்காலம். அதுக்குள்ள நீங்க அங்க எதுக்குப் போனீங்க?

அமிஸ்: அவரை எடுத்துக் குடுக்க மண்வெட்டியோடதான் போனேன். நீ முந்திக்கிட்ட.