மாப்பிள்ளை வண்டியின் பிரேக் எண்ணெய்

மோட்டார் வண்டியில் எதை மறந்தாலும் பிரேக் எண்ணெயை மட்டும் மறக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. இப்போது வருகிற அமெரிக்க வண்டிகளுக்கு விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்து டப்பாவில் விற்கிறார்கள். நாளாக நாளாக ஈரம் இறங்கிக் கறுத்துவிடும். கறுத்தால் மாற்றியாக வேண்டும். ஒருவன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவன் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் தளர்த்தி, பழையதையும் காற்றுக் குமிழியையும் வெளியேற்ற வேண்டும். ஆம்பூரில் அதை ஒழுங்காகச் செய்கிறவன் நான் ஒருவன்தான். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் பெயர் கவுஸ் பாஷா. தோல் பதனிடும் ஷாப் முதலாளி முக்தார் அகமது சாயபுவுக்கு டிரைவர். சுண்ணாம்புத் தொட்டியில் தோலோடு தோலாக ஊறி, கைகால் எல்லாம் புண்ணாகிக் கிடந்தவனைக் கூப்பிட்டுக் காக்கி உடுப்பும் ஸ்டியரிங்கும் கொடுத்தவர் அவர். அன்றிலிருந்து பஜாரில் எனக்கு வழிவிட்டார்கள். பெண் கேட்டுப் போன வீட்டில் நாற்காலி போட்டார்கள். நாற்றம் பிடித்தவன் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவனுக்கு அது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குப் புரியாது.

முதலாளி மகள் ஜஹீதா பேகத்துக்கு மதராஸிலிருந்து மாப்பிள்ளை வந்தார், இஷ்தியாக் அகமது. குழந்தை பிறந்த பிறகு இங்கேயே தங்கிவிட்டார். வண்டியைத் தானே ஓட்டுவாராம்.

"கவுஸ், இனிமே வண்டிய நான் பாத்துக்கறேன். நீ தொட்டி வேலைக்கே போய்டு. எண்ணெய் கிண்ணெய் மாத்தணும்னா மட்டும் கூப்பிடறேன்."

கோபமில்லாமல் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒளிக்க மாட்டேன், ஐயா.

போன வாரம் கூப்பிட்டார். பேரணாம்பட்டுக் கணவாய் ஏறிக் கோலார் போக வேண்டும், எண்ணெயை மாற்று என்றார். ஷாப் கூலியாள் கன்னியப்பன் பெடலை மிதித்துக் கொடுத்தான். தோல் நாற்றத்தில் செத்துப்போன மூக்கு அவனுக்கு, ஒன்றும் தெரியவில்லை. பாவம், அவனை விட்டுவிடுங்கள். நான் ஊற்றியது மெஷின் எண்ணெயும் மண்ணெண்ணெயும். பிரேக்குக்குள் குல்லாய் மாதிரி ஒரு சின்ன ரப்பர் இருக்கிறது. மண்ணெண்ணெயில் அது ஊறி, உப்பி, களியாகிவிடும். சமதரையில் வண்டி நிற்கும். மலையிறக்கத்தில் விடாமல் மிதித்தால் பெடல் தரையோடு போய்விடும்.

மாப்பிள்ளையைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரு தடவை பயந்தால் போதும், ஸ்டியரிங் தானாக என் கைக்கு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வண்டியைத் துடைக்கிற சாக்கில் தினமும் பெடலை மிதித்துப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டு வந்தது. கெடுக்கிற வேலையையும் சுத்தமாகத்தான் செய்திருந்தேன்.

கிளம்பின அன்று காலையில் பின்சீட்டுக்குத் திரை போட்டிருந்தது. திரை போட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அந்த வீட்டில் என் பார்வையைப் பற்றிக் குறை சொன்னவர் கிடையாது. அதனால் உள்ளே யார் என்று பார்க்கவில்லை. உங்கள் ஏட்டிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் பெண்கள் ஏறினால்தான் அந்தத் திரையைப் போடுவோம், ஐயா.

"கவுஸ் பாய், நீங்க வர்லியா? நீங்க ஓட்னா எனக்குப் பயமே இல்ல," என்று உள்ளேயிருந்து ஜஹீதா பேகத்தின் குரல் கேட்டது. மடியில் குழந்தை சிணுங்கியது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாப்பிள்ளை காதிலும் விழுந்திருக்கும்.

"இன்னாம்மா பண்றது, எனக்குத் தொட்டியில வேலை ஜாஸ்தி. பத்திரமாப் போய்ட்டு வாங்க," என்று கதவைச் சாத்தினேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பிரேக்கைக் கெடுத்தவன் என்று பெயராகிவிடும். அப்புறம் எவன் என்னை நம்பி வண்டி கொடுப்பான்?

திரும்பி வரும்போது கணவாய் இறக்கத்தில் மாப்பிள்ளை குதித்துத் தப்பிவிட்டார். திரைக்குள் இருந்த தாயும் பிள்ளையும் பள்ளத்துக்குப் போனார்கள். நான்தான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். மாப்பிள்ளை இனி ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று அழுகிறாராம். முதலாளி எப்படியும் புது வண்டி எடுப்பார். அதை ஓட்டுவதற்கு அவருக்கு ஆள் வேண்டுமே. என்னை எப்போது விடுவீர்கள், ஐயா?