மணிக்கொரு சொட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும் டாக்டர் ஐயா. உங்கள் கையில் இருக்கும் அட்டவணையைப் பார்த்தாலே தெரியும், ஒரு டிக்காவது கோணலாக இருக்காது. மெட்ராஸிலிருந்து வாராவாரம் வரும்போதெல்லாம், "வார்டு வச்சுக்கிட்டா கம்பவுண்டர் நூர் முகமது மாதிரி வச்சுக்கணும்" என்று நாலு பேர் காதுபடச் சொல்வீர்கள். அதற்காகவே அடுத்த வாரம் எப்போது வரும் என்று இருப்பேன்.

மற்ற ஊர்களில் கேட்ட மருந்து திண்டுக்கல்லில் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று இப்போது விசாரிக்கிறீர்கள். சொல்கிறேன். இரண்டு வருஷமாக, யாராவது கேட்டுத் தொலைக்கமாட்டார்களா என்றுதான் நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

அறுபத்து நாலு ஜனவரி. கருவிழியில் கிருமிப் புண் வந்த பதினாறு பேரைப் படுக்கவைத்தீர்கள். எட்டுப் பேருக்கு மருந்து, எட்டுப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்தப் புட்டியில் எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, நம்பர் மட்டும்தான். மருந்தின் சூட்சுமத்தை நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். கிருமி தன் இனத்தைப் பெருக்க எடுக்கும் செங்கல்லைப் போலவே செய்த போலிச் செங்கல் அது. தெரியாமல் எடுத்துக் கட்டினால் சுவர் நிற்காது. போலி கிடைக்காத நேரத்தில் கிருமி நல்ல செங்கல்லைத் தேடிப் பிடித்துவிடும். ஆகவே மணிக்கொரு சொட்டு, தவறவே கூடாது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை என் பொறுப்பு. இரவில் இரண்டு மணிக்கொரு தரம் நர்ஸ் ஜெயமேரி பொறுப்பு. முதல் சொட்டை எல்லோருக்கும் நீங்களே விட்டுவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் விடிந்தால் ரமலான் நோன்பு. ஏழாம் நம்பர் காதர் பீவி, பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்பவரின் சம்சாரம், என் கையைத் தடுத்துவிட்டார்.

"தம்பி, நேத்து டாக்டர் விட்டது தொண்டைக்கு எறங்கிக் கசந்துச்சுப்பா. பகல்ல விட்டா நோம்பு முறிஞ்சிருமே. வேணாம்ப்பா."

நானும் நோன்பாளிதான். உங்களிடம் சொன்னால் அவரைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவீர்கள், அட்டவணையில் ஒரு வரிசை காலியாகும். சரி மாமி என்றேன். டிக் மட்டும் போட்டேன்.

நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்டக் கேட்டு வரச் சொன்னேன் தம்பி. கண்ணுல மருந்து விட்டா நோம்பு முறியாதாம். இனிமே விடுப்பா."

நான் யோசித்தேன். அதற்குள் முப்பத்தொன்பது டிக் போட்டாயிற்று. நான்காம் நாளிலிருந்து திடீரென்று கண் தெளிந்தால் முதல் மூன்று நாள் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். "பகல்ல வேணாம், ராத்திரி விடுறதே போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு மாமி" என்றேன். அவர் அதை நம்பி, கையேந்தி எனக்காக துஆ செய்தார்.

அப்புறம் மற்றவர்களைப் பற்றிய கவலை வந்தது. ஒருவருக்கு விட்டு ஒருவருக்கு விடாமல் இருந்தால் சோதனை நியாயமாக இருக்குமா? நீங்கள்தானே எல்லோரையும் ஒன்றுபோல நடத்தச் சொன்னீர்கள். ஐந்தாம் நாள் வந்தபோது பதினாறு பேருக்கும் பகல் சொட்டு இல்லை. முதல் நாலு நாளும் மற்றவர்களுக்கு ஒழுங்காக விட்டேனா என்று கேட்டால், நோன்பு நேரம், களைப்பு, அதையும் விடவில்லை.

பதினொன்றாம் நம்பர் சோலைமுத்து, ரெட்டியார்சத்திரத்துப் பூ விவசாயி, ஒருவர் மட்டும் கேட்டார். "என்ன அப்பு, மணி அடிச்சு அம்புட்டு நேரமாச்சு, மருந்து விடலையா?" மருந்து வெளிச்சத்தில் கெட்டுப்போகும் என்றேன். புட்டி கறுப்பாக இருந்ததால் ஒத்துக்கொண்டார். புண்ணில் எது பட்டாலும் எரியும், விடாததில் யாருக்கும் பெரிய வருத்தம் இருக்கவில்லை. சாயங்காலமானால் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் பதின்மூன்று சொட்டு எண்ணிச் சாக்கடையில் விடுவேன். அளவு சரியாக இருக்க வேண்டுமே.

பெருநாள் போனபின்னும் ஒரு வாரம் வார்டு நடந்தது. அந்த வாரத்தைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அப்போது எனக்கு நோன்பு இல்லை, களைப்பும் இல்லை. அப்போதும் விடவில்லை. டிக் போடுவது கைக்குப் பழகிவிட்டது.

பிறகு, எந்த நம்பரில் எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்தீர்கள். ஏழும் பதினொன்றும் மருந்துப் புட்டிகள். மருந்து பெற்றதாக எழுதிய எட்டுப் பேரில் ஐந்து பேருக்குக் கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போய்விட்டது. தண்ணீர்க்காரர்களிலும் ஐந்து. மருந்தும் தண்ணீரும் ஒன்று என்று எழுதினீர்கள், இந்த ஊருக்கு மருந்து வருவதும் நின்றது. அதற்குப்பின் புண்ணோடு வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினோம். எத்தனை பேர் என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

குற்றம் என்னுடையதுதான் ஐயா. காதர் பீவி ஒவ்வொரு ரமலானுக்கும் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறார். "என் நோம்பு முறியக் கூடாதுன்னு எம்மேல இரக்கப்பட்ட புள்ள" என்று ஒற்றைக் கண்ணோடு ஊரெல்லாம் சொல்கிறார். வாங்கிக் குடித்துவிட்டு வாளியைக் கழுவித்தான் அனுப்புகிறேன்.

போலீசில் சொல்வதானால் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அத்தனை நாளில், ஒருவர் கண்ணிலும் நான் ஒரு சொட்டுகூட விடவில்லை.