அறுபது காட்டணும்

அக்கா: லைட்டை எங்கடி காட்டுற? என் மூஞ்சியையா ரிப்பேர் பண்ணப் போறேன்? டேஷ்போர்டுக்கு அடியில காட்டு.

சின்னவ: கை வலிக்குதுக்கா...

அக்கா: பிடிச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ஆடாம பிடி.

சின்னவ: ஸ்கேனர் என்ன சொல்லுது?

அக்கா: வண்டிக்குள்ள இருக்குற குட்டிக் கம்ப்யூட்டர் எதுவும் பேசல. இன்ஜின் மாட்யூல் பதில் இல்ல. பிரேக் மாட்யூல் பதில் இல்ல. மீட்டர் போர்டும் கப்சிப். ஒண்ணு போனா ஒத்துக்கலாம். எல்லாம் ஒரே நாள்ல ஊமையாகுமா?

அப்பா: என்னம்மா, ஆச்சா? ஜன்னல்லேருந்து கத்திக் கத்தியே தொண்டை போச்சு! நாலு மணிக்கு சவாரிக்கு வண்டி போய் நிக்கணும்!

அக்கா: பார்த்துக்கிட்டுதாம்பா இருக்கேன்!

அப்பா: வொர்க்‌ஷாப்ல கண்டவன் வண்டியெல்லாம் பார்க்குற. பெத்தவன் வண்டின்னா மட்டும் ஒரு மணி நேரமா?

அக்கா: ஏய், வயரு அளக்குற அந்த மஞ்சள் மீட்டரை எடு.

சின்னவ: இதுல என்ன தெரியும்?

அக்கா: இந்த ரெண்டு வயரு ஒண்ணோட ஒண்ணு முறுக்கிட்டுப் போகுதுல்ல, எல்லா மாட்யூலும் இது வழியாத்தான் பேசிக்கும். ரெண்டு கோடியிலயும் கரண்டைத் தடுக்குற ஒரு ரெசிஸ்டர் இருக்கு. நடுவுல, இந்த சாக்கெட்ல அளந்தா அறுபது ஓம் காட்டணும். ஒரு பக்கம் அறுந்திருந்தா நூத்திருபது.

சின்னவ: இப்ப எவ்வளவு?

அக்கா: ஒண்ணுமே காட்டல. கையை எடு. எடுன்னா எடு! இந்த டேப்பு யாரு சுத்துனது?

சின்னவ: கம்பெனியிலேருந்தே அப்படித்தான்...

அக்கா: கம்பெனிக்காரன் நோட்டுப் புத்தகத்துக்கு ஒட்டுற பூப்போட்ட டேப்பையா சுத்துவான்?

சின்னவ: எலி கடிச்சிருக்கும்.

அக்கா: கடிச்சிட்டு, ஐயோ பாவம்னு கட்டும் போட்டுட்டுப் போச்சாக்கும்! எதால வெட்டுன?

சின்னவ: ...நகவெட்டி.

அக்கா: நகவெட்டியா! மண்டையில ஏதாவது இருக்காடி உனக்கு? அரைகுறையா வெட்டி, ஓடும்போது அறுந்திருந்தா? நடுரோட்ல ஸ்டீயரிங் கல்லாட்டம் இறுகியிருக்கும்!

சின்னவ: ஸ்டார்ட்டே ஆகக் கூடாதுன்னுதான் முழுசா வெட்டினேன்.

அக்கா: இது என்ன உன் பொம்மைக் காரா? இந்த வண்டி ஓடினாத்தான்டி வீட்ல உலை கொதிக்கும். ஸ்கூல் சுற்றுலாவுக்கு அனுப்பலேன்னு கோவமா? ஃபோனைப் பிடுங்கி வச்சதுக்கா? வாயைத் தொற!

சின்னவ: கத்தாத. அவருக்குக் கேட்டுடும்.

அக்கா: நல்லா கேட்கட்டும்!

சின்னவ: உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா...

அக்கா: யாருக்கு?

சின்னவ: அப்பாவுக்கு. செவ்வாய்க்கிழமை டியூஷன்லேருந்து கூட்டிட்டு வந்தாருல்ல... பாலத்துல ஏறும்போது ஏதோ சொல்லிட்டே வந்தாரு. பாதியில பேச்சை நிறுத்திட்டாரு. கண்ணு தொறந்திருக்கு. ஆனா ஆளு அங்க இல்லக்கா. நான் கூப்பிடுறேன், கூப்பிடுறேன்... எதிர்ல லாரி. நான்தான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்தேன். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி, "எதுவரைக்கும் சொன்னேன்?"னு கேட்குறாரு!

அக்கா: என்னாச்சுன்னு நீ கேட்கலையா?

சின்னவ: தூக்கம் பத்தலையாம், வேற ஒண்ணுமில்லையாம். "அக்காகிட்ட மூச்சு விடாத, அவ தாங்க மாட்டா"ன்னாரு. கண்ணை மூடினா அந்த லாரிதான் வருது. இன்னிக்கு ஆறு பேரை ஏத்திக்கிட்டு மலைக்குப் போறாரு, அதுல ஒண்ணு கைக்குழந்தை. நான் என்னதான் பண்ணியிருக்கணும்? சொல்லு!

அக்கா: என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்!

சின்னவ: சொன்னா கிழிச்சிருப்ப! வண்டி நின்னுடுச்சுன்னு அவரு ஒரு ஃபோன் போட்டதும் பையைத் தூக்கிட்டு ஓடி வந்தவதானே நீ!

அப்பா: உங்களால முடியலேன்னா விடுங்க! முக்குக் கடை எலக்ட்ரீஷியனை வரச் சொல்லிட்டேன்!

அக்கா: கேட்டியா? அந்தாளு குனிஞ்ச உடனே உன் பூ டேப்புதான் கண்ணுல படும். நீ வெட்டின முனை ரெண்டையும் சேர்த்துப் பிடி.

சின்னவ: மாட்டேன். சேர்த்தா ஸ்டார்ட் ஆயிடும்.

அக்கா: சேர்த்துப் பிடிடி!

சின்னவ: நீயும் அவரும் ஒண்ணுதான்! வண்டி ஓடினா போதும், எவன் செத்தா உங்களுக்கென்ன! இந்தா, சேர்த்துட்டேன். போதுமா? போ, நீயே போய் சாவியைக் கையில குடு!

அக்கா: சரி, முறுக்கி விடு. லைட்டை அணை.

சின்னவ: இரு... மீட்டர் இப்ப நூத்திருபது காட்டுது.

அக்கா: லைட்டை அணைன்னேன்.

சின்னவ: அறுபதுதானே காட்டணும்? நீதானே சொன்ன! நான் வெட்டினது ஒரே இடம்தான், அதையும் சேர்த்தாச்சு. அப்ப இன்னொரு பக்கமும் விட்டிருக்கு... மீட்டரை ஏன் திருப்புற?

அக்கா: உன் வேலையைப் பாரு.

சின்னவ: நேத்து சாயங்காலம் வண்டியைக் கழுவுறேன்னு சாவி வாங்கினியே. பொறந்ததுலேருந்து ஒரு நாள் கழுவியிருக்கியா நீ? அக்கா... என்னைப் பார்த்துச் சொல்லு. நீயா?

அக்கா: வெட்டல. மீட்டர் போர்டுக்குப் பின்னால கனெக்டர்ல ஒரே ஒரு பின்னை உள்ள தள்ளி விட்டிருக்கேன், வண்டி கிளம்பாது; அந்த எலக்ட்ரீஷியன் ஒரு வாரம் தேடினாலும் கிடைக்காது. போன மாசம் சிக்னல்ல என் கண்ணு முன்னாடியே அப்படித்தான்டி உட்கார்ந்திருந்தாரு, பின்னால அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்குது... என்கிட்டயும் சத்தியம் வாங்கினாரு, "சின்னவகிட்ட மூச்சு விடாத, பயந்துடுவா"ன்னு.