பட்சிக்குக் கொண்டுபோன பொங்கல்

எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போகும் டிராமில், மயிலாப்பூரில் ஏறிய தம்பதி என் எதிரே உட்கார்ந்தார்கள். அவர் மடியில் குழந்தை. அந்த அம்மாள் மடியில் இலை போட்டு மூடிய வெண்கலப் பானை.

“ஏன்னா, ரெண்டுதானே வரும்? ஆயிரம்ங்கறேளே!”

“வேடந்தாங்கல் ஏரியிலே அதுக்கு மேலேயே வரும்.”

“ஏரியா? பட்சி பாக்கப் போறோம்னேளே, திருக்கழுக்குன்றம் இல்லையா? மலையிலே ரெண்டு கழுகு பொங்கல் சாப்பிட வருமே!”

“அதுக்கா இந்தப் பானை?”

“இவனுக்குப் பேச்சு வரணும்னு வேண்டிண்டிருக்கேன். பட்சி சாப்பிட்டப்புறந்தான் நான் சாப்பிடணும். நேத்திலேர்ந்து பட்டினி.”

“நான் சொன்ன பட்சியெல்லாம் மீன்தாண்டி திங்கும்.”

நான் இறங்கவேண்டிய இடம் வந்தது. இறங்க மனம் வரவில்லை.

அந்த அம்மாள் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நான் எப்போ சாப்பிடறது?”