கால்வாய்ச் சுவரோரம் நில்லுங்கள்

தண்ணீர் முழங்கால் வரை. தண்ணீர் இல்லை, கழிவு. காபூல் விமான நிலைய மதிலை ஒட்டி ஓடும் சாக்கடைக் கால்வாய். ஆகஸ்ட் இருபத்தைந்து, 2021. புதன்கிழமை. மதியம் இரண்டு மணி. எனக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய வரை ஆட்கள். பின்னாலும் அப்படியே. எல்லோர் கையிலும் காகிதம். நனையாமல் தலைக்கு மேலே பிடித்திருக்கிறார்கள்.

ஒரு வெடி. காதுக்குள் விசில். கூட்டத்தைக் கலைக்கப் படையினர் எறியும் சத்தக் குண்டு அது. ஆளைக் கொல்லாது. யுத்தகால மன்னாரில் வளர்ந்தவளுக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்தும் குனிந்தேன்.

"பேக்! பேக்!" மதிலின் மேல் நிற்கும் சிப்பாய் எங்களைப் பின்னால் போகச் சொல்லிக் கத்துகிறான்.

என் இடது கையை ஃபரீதா பிடித்திருக்கிறாள். அவளுடைய மறு கையில் மூத்த மகள் மரியம். ஒன்பது வயது. கழுத்தில் சிவப்புச் சால்வை. கனடாவுக்குப் போகிறவர்கள் அடையாளத்துக்குச் சிவப்பு உடுத்து வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஃபரீதாவின் கணவர் நயீம் பின்னால் வருகிறார். அவர் தோளில் இளையவள் சஹர். இரண்டு வயது. அவள் மட்டும் தூங்குகிறாள்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெசிந்தா. முப்பது வருடமாக மொன்ட்ரியால். பார்க் எக்ஸ்டென்ஷனில் அண்ணையின் வீட்டு மேல்மாடியில் இருக்கிறேன். செயற்கைக் கால் செய்து பொருத்துவது என் தொழில். ஓர் உதவி நிறுவனத்தின் இரண்டு வருட ஒப்பந்தத்தில் காபூலுக்குப் போனேன். பட்டறையில் எனக்குப் பக்கத்து மேசை ஃபரீதாவுடையது. கால் போனவர்களின் எஞ்சிய காலில் பிளாஸ்டர் சுற்றி அச்செடுப்பாள். அத்தனை நேர்த்தியாக அச்செடுக்கும் ஒருவரை நான் மொன்ட்ரியாலில் கண்டதில்லை.

நயீம் கந்தகாரில் கனடியப் படையோடு மூன்று வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். படை நாடு திரும்பியது. அவர் அங்கேயே இருந்தார். அதிகாரிகள் கொடுத்த நற்சான்றுக் கடிதங்கள் மூன்று அவரிடம் இருந்தன. கதவின் கீழால் வந்த மிரட்டல் கடிதங்கள் இரண்டு இருந்தன. ஐந்தையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்.

ஆகஸ்ட் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, காபூல் விழுந்தது. அன்றுதான் கனடாவில் தேர்தல் அறிவித்தார்கள். இரண்டு செய்தியையும் கைத்தொலைபேசியில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் படித்தேன். என் விமானம் ரத்தானது. நயீம் கனடாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். உங்கள் கோரிக்கை கிடைத்தது என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். அதே பதில். ஐந்து முறை.

மதிலடிக்கு வந்துவிட்டோம். சிப்பாய் என் கடவுச்சீட்டைப் பார்க்கிறான். குனிந்து என் வலது கையைப் பிடிக்கிறான். இவர்கள் என்னோடு வந்தவர்கள் என்கிறேன். நயீம் தொலைபேசியை உயர்த்தி மின்னஞ்சலைக் காட்டுகிறார். சிப்பாய் படிக்கிறான். இது போதாது, இன்னொரு கடிதம் வேண்டும் என்கிறான். எந்தக் கடிதம் என்று அவனுக்கும் தெரியவில்லை. மிகவும் இளைஞன். உதடு வெடித்திருந்தது. நீ ஏறு, இல்லாவிட்டால் நீயும் இறங்கி நில் என்றான்.

ஏறினேன்.

ஃபரீதாதான் என் கையை விட்டாள் என்று கொஞ்சக் காலம் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். பொய். நான் விட்டேன்.

ஆகஸ்ட் இருபத்தாறு. காலை. எங்களை ஏற்றிய விமானம் இறக்கிய இடம், குவைத்தில் ஒரு விமானக் கொட்டகை. கையில் பட்டியலோடு கனடிய அதிகாரி ஒருவர் நிற்கிறார். மரியாதையான பெண். காபூலில் நிற்பவர்களுக்கு இன்னுமொரு விமானம் உண்டா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். பிடித்த இடத்தை விடாமல் நிற்கச் சொல்லுங்கள் என்றார். இருக்கலாம் என்றதை நான் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

ஃபரீதாவுக்கு எழுதினேன். கால்வாய்ச் சுவரோரம் நில்லுங்கள். நகர வேண்டாம்.

பதில் வந்தது. மரியம் வெயிலில் வாந்தி எடுக்கிறாள். குண்டு வைக்கப்போவதாகக் கதை அடிபடுகிறது. வீட்டுக்குத் திரும்புவோம் என்று நயீம் சொல்கிறார்.

மறுபடி எழுதினேன். நில்லுங்கள்.

நான் அதை எழுதும்போது கனடாவின் கடைசி விமானம் காபூலை விட்டுப் போய்விட்டிருந்தது. அந்த அதிகாரிக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. கால்வாயில் நின்றவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

காபூலில் மாலை ஐந்தரை தாண்டியிருந்தது. குண்டு வெடித்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. நான் கேட்டது ஃபரீதாவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்த சத்தம். பிறகு அதுவும் நின்றது.

மூன்றாம் நாள் ஃபரீதா எடுத்தாள். அழவில்லை. இரண்டு பெயர் சொன்னாள். சஹரைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வாங்கப் போயிருந்திருக்கிறாள். நயீமும் மரியமும் இடத்தை விடாமல் சுவரோரம் நின்றிருக்கிறார்கள்.

மொன்ட்ரியாலுக்கு வந்தேன். வேலைக்குப் போனேன். மாலைகளில் கடிதம் எழுதினேன். ஒரு திணைக்களம் மற்றத் திணைக்களத்தைக் கேட்கச் சொன்னது. மற்றது படையைக் கேட்கச் சொன்னது. படைத் தரப்பில் ஒருவர், விமான நிலைய வாசலைக் காத்தவர்கள் அமெரிக்கர்கள் என்றார். தொலைக்காட்சியில் அமெரிக்கர்கள், முந்தைய ஜனாதிபதி போட்ட ஒப்பந்தம் என்றார்கள். முந்தையவரின் ஆட்கள், பிந்தையவரின் அவசரம் என்றார்கள். இங்கே எதிர்க்கட்சி, தேர்தல் வெறியில் மறந்துவிட்டார்கள் என்றது. ஆளுங்கட்சி, நீங்கள் ஆண்டபோது மொழிபெயர்ப்பாளர்களை ஏன் எடுக்கவில்லை என்று திருப்பிக் கேட்டது. எல்லாம் உண்மைதான். அதுதான் எனக்கு ஆத்திரம். ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை.

இந்த வருடத் தேர்தலுக்கு முன் எங்கள் பகுதியில், தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஒரு கூட்டம். வேட்பாளர்கள் இரண்டு பேர். நான் கேள்வி கேட்கப் போகிறேன் என்றதும் அண்ணை தடுத்தார்.

"விடு பிள்ளை. இவையளிட்டைக் கேட்டு என்ன வரப்போகுது?"

அண்ணை என்மேல் கோபமாகச் சொல்லவில்லை. நான்கு வருடமாக நான் கடிதம் எழுதுவதைப் பார்த்துக் களைத்துப்போயிருந்தார். ஆனாலும் எழுந்தேன்.

பிரெஞ்சில் கேட்டேன். காபூல் கால்வாயைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னேன். முதல் வேட்பாளர் மிகவும் வருந்தினார். அப்போது தான் அரசியலிலேயே இல்லை என்றார். மற்றவர் அவரை மறித்து, உங்கள் கட்சி இருந்ததே என்றார். என் தலைக்கு மேலால் இருவரும் தர்க்கப்பட்டார்கள். நான் ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை.

"அங்கேயே நில்லுங்கள் என்று செய்தி அனுப்பியது நான். அந்த இரண்டு பேரும் செத்ததில் என் பங்கு அது. உங்கள் பங்கு எது? யாராவது ஒருவர் சொல்லுங்கள்."

வெப்பக் குழாய் டக் டக் என்று இரண்டு முறை தட்டியது. இது மிகவும் சிக்கலான விடயம் என்றார் முதலாமவர். மற்றவர் தலையாட்டினார். அன்று முழுவதும் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். கூட்டத்தை நடத்தியவர் எனக்கு மெர்சி என்று நன்றி சொல்லி ஒலிவாங்கியை வாங்கினார். அடுத்தவர் கேட்டது குழந்தைகள் காப்பகமான கார்தரியில் இடம் கிடைக்காததைப் பற்றி.

வெளியே ஈரப்பனி. அண்ணை எனக்குக் குடை பிடித்தபடி வந்தார். அக்காடி மெட்ரோ நிலையத்தைத் தாண்டினோம். பிறகு சொன்னார்.

"அது உன்ர பிழை இல்லை, பிள்ளை."

நான் நின்றுவிட்டேன்.

"எல்லாரும் தங்கட பிழை இல்லை எண்டுதான் சொல்லுகினம், அண்ணை. எனக்கும் அதையே சொல்லித் தராதேங்கோ."

அன்றிரவு அண்ணை சாப்பாட்டை என் கதவடியில் மூடி வைத்திருந்தார்.

ஃபரீதாவும் சஹரும் பாகிஸ்தானில், ராவல்பிண்டியில் ஓர் அறையில் இருக்கிறார்கள். விசா முடிந்துவிட்டது. பொலிஸ் வீதியில் நின்றால் ஃபரீதா வெளியே போவதில்லை. கனடாவுக்கான அவர்களுடைய விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அதில் இன்னும் நான்கு பெயர். இருவரை நீக்குவதற்கு மரணச் சான்றிதழ் வேண்டுமாம். கால்வாயில் செத்தவர்களுக்கு யார் சான்றிதழ் எழுதினார்கள்?

எனவே இங்கே எழுதுகிறேன்.

நயீம். நாற்பத்தொரு வயது.

மரியம். ஒன்பது வயது.

ஃபரீதாவின் இடது காது. குண்டுச் சத்தத்துக்குப் பிறகு அது கேட்பதில்லை.

கடிதங்கள் ஐந்து, பிளாஸ்டிக் உறையோடு.

பட்டறையில் வேலை செய்தவர்கள் பதினொரு பேர். மூன்று பேர் எங்கே என்று தெரியாது. ஆட்கள் வந்து வாங்காமல் அலமாரியில் நின்ற கால்கள் இருபத்தாறு. அவற்றின் அளவுகள் என் கொப்பியில் இருக்கின்றன.

பொறுப்பை ஏற்றவர்கள், இதுவரை, ஒருத்தி.

சஹருக்கு இப்போது ஆறு வயது. அக்காவின் முகம் அவளுக்கு நினைவில்லை என்று போன கிழமை ஃபரீதா சொன்னாள். படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.