ரோஜர் கோவாரிக்கின் ஜூரியில் நான்

ஜூரி வேலைக்கு அழைப்பு வந்தால் மறக்காமல் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் கவுண்டி கோர்ட்டில் ஜூலைக் கோடையிலும் ஏ.சி. விறைக்கவைக்கும். மத்தியானம் ரொட்டிக்கு நடுவே வான்கோழி வைத்துத் தருவார்கள். வான்கோழியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. எனக்கு எழுபத்தெட்டு வயது, அதில் கைதேர்ந்தவன்.

முதலில் கேள்வி கேட்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைத் தெரியுமா என்பார்கள். எங்கள் பக்கத்து நெப்ராஸ்காவில் ஆட்களைவிட மாடுகள் அதிகம். தெரியாதவர்கள்தான் வேண்டுமென்றால் மாடுகளைத்தான் பிடித்துவந்து உட்காரவைக்க வேண்டும். ஆகவே நீதிபதி இன்னொன்றும் கேட்பார்: தெரிந்தவர்தான் என்றாலும், அதை ஒதுக்கிவிட்டு நியாயமாக நடந்துகொள்ள முடியுமா? முடியும் என்றால் போதும். அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

நான் முடியும் என்றேன். ரோஜர் கோவாரிக் பத்தொன்பது வருடமாக என் பக்கத்து வீட்டுக்காரன்.

இரண்டு பக்க வக்கீல்களும் தங்களுக்குப் பிடிக்காத சிலரைக் காரணம் சொல்லாமலே கழித்துவிடலாம். அரசு வக்கீல் தன் பங்கை ரோஜரோடு சீட்டாடுகிறவர்கள் மேலேயே செலவழித்துவிட்டார். ரோஜரின் வக்கீல் ஒரு சின்னப் பெண். பென்சிலும் கையுமாக என்னைப் பார்த்து யோசித்தாள். ரோஜர் அவள் காதருகே குனிந்தான். அவனுக்கு ரகசியம் பேசத் தெரியாது.

"வெர்னை விட்டுடாதீங்கம்மா. அவரு நல்ல மனுஷன்."

இப்படித்தான் நான் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருவனானேன்.

வழக்கு சிறியது. பிப்ரவரியில் ஒரு பிற்பகல், இரண்டிலிருந்து மூன்று மணிக்குள், டெல்மரின் மாட்டுத் தீவனக் கடையை யாரோ கொளுத்திவிட்டார்கள். டெல்மர் உள்ளேயே இறந்துபோனான். முந்தின நாள் பூஞ்சை பிடித்த தீவனத்துக்காக ரோஜர் அவனிடம் சத்தம் போட்டிருந்தான். கடைக்குப் பின்னால் ஒரு சிவப்பு பிக்கப் வண்டி நின்றதை ஒரு பெண்மணி பார்த்திருக்கிறார். ரோஜரிடம் சிவப்பு பிக்கப் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது இல்லாதவன் ஊருக்குப் புதியவன் என்று அர்த்தம்.

ரோஜரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் மனைவி இர்மா இறந்த குளிர்காலத்திலிருந்து, என் வாசலில் விழும் பனியை அவன்தான் தள்ளினான். வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் ஐந்து மணிக்கு எழுந்தால் வாசல் சுத்தமாக இருக்கும். நான்கு மணிக்கு எழுந்தேன், சுத்தமாக இருந்தது. ஒரு தடவை பூட்ஸோடு படுத்து மூன்றரைக்குக் கதவைத் திறந்தேன். கடைசி முழத்தைத் தள்ளிவிட்டு அவன் கையை ஆட்டினான். எங்கள் ஊரில் இப்படிச் செய்கிறவனுக்கு ஏதாவது சுட்டுக் கொடுப்பது மரியாதை. நான் ஆப்பிள் கேக் கொடுத்தால், அந்தத் தட்டு காலியாகத் திரும்பி வராது. என் கேக்கைவிட நல்ல கேக்கோடு வரும். சர்ச்சில் எல்லோரும், ரோஜர் கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்தவர் என்றார்கள். முப்பது வருடம் தெருவிளக்குக் கம்பம் ஏறி வேலை பார்த்தவன் நான். ஒருவர்கூட அதன்பின் என்னைப் பற்றி வேறெதுவும் கேட்கவில்லை.

விசாரணையில் ரோஜர் சத்தியம் செய்து சொன்னான்: அந்த நேரம் தன் கொட்டகையில் தனியாக இருந்தானாம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் படிக்கட்டில் பிடித்து ஏற ஒரு கைப்பிடி செய்துகொண்டிருந்தானாம். பெயரைச் சொல்லவில்லை, அவனுக்கு இரண்டு பக்கமும் பெரியவர்கள்தான். ஆனாலும் கோர்ட்டில் பாதிப்பேர் என் கால்களைப் பார்த்தார்கள்.

யாராவது பார்த்தார்களா என்று அரசு வக்கீல் கேட்டார். இல்லை என்றான். அது தவறு. என் சமையலறை ஜன்னலிலிருந்து அவன் கொட்டகை ஜன்னல் நேராகத் தெரியும். அன்று ஒன்றரையிலிருந்து நான்கு வரை, அவன் கட்டையை இழைப்பதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கு என்பதும் எனக்குப் புரிந்தது. மறுநாள் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, அந்த நேரம் தூங்கிவிட்டேன் என்றேன். இந்த வயதில் அதை எல்லோரும் நம்புகிறார்கள். வழக்கைப் பற்றி நேரடியாக ஏதாவது தெரியுமா என்று நீதிபதி கேட்டபோதும் இல்லை என்றேன். வழக்கு தீயைப் பற்றியது. தீயைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஜூரி அறைக்குள் போனதும் தலைவரைத் தேர்ந்தெடுப்பீர்கள். முதல் நாளே பழக்கூழ் வைத்த பன் சுட்டுக்கொண்டு வருகிறவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் இரண்டு தட்டு கொண்டுபோயிருந்தேன். முதல் ஓட்டெடுப்பில் ஏழு பேர் குற்றவாளி என்றார்கள். நான் ரோஜரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. நல்லவன், உழைப்பாளி, இதைச் சொல்ல எனக்கே மனசு வலிக்கிறது என்றேன். நான் கண்ணைத் துடைக்கத் துடைக்க ஏழு பத்தாகி, பதினொன்றானது.

பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. மிச்சம் நின்றவர் மார்லீன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பின்னால் ஐம்பது பிள்ளைகள் கத்தினாலும் அசையாத கழுத்து.

"கண்ணத் துடைச்சது போதும் வெர்ன். சிவப்பு வண்டிய வெச்சு ஒரு மனுஷன ஆயுசுக்கும் உள்ள தள்ளுவீங்களா? எங்க வீட்லயே ரெண்டு நிக்குது." மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார். "நீங்க பக்கத்து வீடு. நேராவே கேக்குறேன். அன்னைக்கு அவன் வீட்ல இருந்தானா, இல்லையா?"

"இருந்திருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா மார்லீன்?"

அவர் ஊன்றிய கையை விலக்கினார். பிறகு ஓட்டுச் சீட்டை எடுத்துக் குற்றவாளி என்று எழுதினார். எழுதும்போது அழுதார். கவனியுங்கள், நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

கடைசியில் ஒவ்வொருவரையும் எழுப்பி, இது உங்கள் சொந்தத் தீர்ப்புதானா என்று கேட்பார்கள். எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை முயன்றேன். எதிரே ரோஜர் என்னைப் பிடிக்க வருகிறவன்போல நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். காவலர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

ஆம், என் தீர்ப்புதான் என்றேன். அதில் பொய் இல்லை. மற்ற பதினொரு பேரும் அதற்கு வெறும் சாட்சி. அவன் அந்தக் கடைக்குப் போகவே இல்லை என்று தெரிந்துதான் அவனை ஆயுள் முழுக்க உள்ளே அனுப்பினேன்.

ரோஜர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். பரவாயில்லை, உங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறவன் மாதிரி. அந்தத் திமிரை நான் எத்தனை வருடம் பொறுத்துக்கொண்டேன் என்பதை மட்டும் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை.